பாம்பாற்றில் மஹ்சீர்: தூண்டிலோடு போவதா, வெறும் கண்ணோடு போவதா?

பாம்பாறு_கரை (மறையூர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, படிக்கிறேன்.

கேரளத்தில் மறையூர், காந்தளூர் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் நாங்கள் சில பேர், கோடையில் பாம்பாற்றங்கரையில் வழிகாட்டியோடு ஒரு நாள் நிகழ்ச்சி தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல், மே மாதம், தென்மேற்குப் பருவமழை வருவதற்கு முன்னால். எங்களிடம் தங்கிய விருந்தினர் ஒருவர் அலாஸ்காவில் சால்மன் பிடிக்கப் போன கதையைச் சொன்னார். சீசன் தொடங்கும்போதே போனால் கூட்டம் இருக்காதாம். படகில் வழிகாட்டி துடுப்புப் போட, கரையில் கரடி, கழுகு, மூஸ் மான் எல்லாம் பார்த்துக்கொண்டே மீன் பிடிக்கலாமாம். அதற்கு ஆட்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். "உங்கள் ஆற்றிலும் மஹ்சீர் இருக்கிறதே, நீங்கள் ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். (மஹ்சீர் என்பது நம் ஆறுகளில் வாழும் பெரிய கெண்டை இன மீன்.) அன்றிலிருந்து எங்களுக்குள் இரண்டு கட்சி.

சின்னாறு சரணாலயத்துக்குள் தூண்டில் போடக் கூடாது, அது தெரியும். கோவில்கடவு பக்கம், சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் கரைகளில், பிடித்து உடனே திரும்ப விடும் முறையில் செய்யலாமா என்பதுதான் கேள்வி. மீனைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆங்கரேஜ்_ராசா (அலாஸ்கா)

அண்ணா, மூணாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன் நான். இப்போது வேலை அலாஸ்காவில். உங்கள் விருந்தினர் சொன்னது பாதிதான்.

இங்கே சால்மனில் ஐந்து வகை. அதில் பெரியது சினூக், ஊர்க்காரர்கள் கிங் என்பார்கள். கீனாய் ஆற்றில் கிங்கின் முதல் கூட்டம் மே மாதம் கடலிலிருந்து ஏறத் தொடங்கும். தூண்டிலில் பிடிபட்ட சினூக்கில் உலக சாதனை இந்த ஆற்று மீன்தான். 1985 மே மாதம் லெஸ் ஆண்டர்சன் என்பவர் பிடித்தார், 97 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 44 கிலோ. சீசன் தொடக்கத்தில் கீனாய் போவது என்றால் ஒரு காலத்தில் அந்த கிங்குக்காகத்தான் போவது.

இப்போது அப்படி இல்லை. கிங் குறைந்துபோனதால் 2023, 2024 இரண்டு வருடமும் அந்த முதல் கூட்டத்தைப் பிடிக்கத் தடை. யூகான் ஆற்றில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவும் கனடாவும் 2024-ல் உட்கார்ந்து பேசி, ஏழு வருடம் அங்கே சினூக் பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. தலைமுறை தலைமுறையாக அந்த மீனைக் காயவைத்துக் குளிர்காலத்தைத் தாண்டிய பழங்குடி ஊர்கள் எல்லாம் இதில் அடக்கம்.

கீனாயின் மேல்பகுதியில் மே 2 முதல் ஜூன் 10 வரை தூண்டிலே போட முடியாது. ரெயின்போ டிரவுட் முட்டையிடும் நேரம் அது. (நம் ராஜமலை ஓடைகளில் வெள்ளைக்காரர் காலத்தில் விட்ட டிரவுட்டும் அதே மீன்தான். சினூக்குக்குப் பங்காளி, ஒரே பேரினம்.) ஜூன் 11-ல் ரஷ்யன் ஆறு திறக்கும்போது சாக்கை என்னும் இன்னொரு சால்மன் வகைக்குத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு முன்னால் படகில் வருகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வருகிறவர்கள். மே கடைசியில் மூஸ் குட்டி போடும். வெண்தலைக் கழுகு கூட்டில் இருக்கும். வசந்தத்தில் ஆற்று முகத்துவாரத்தில் வெள்ளைத் திமிங்கிலமான பெலூகா மீனைத் துரத்திக்கொண்டு உள்ளே வரும். தூண்டில் இல்லாமலே வழிகாட்டிக்கு அன்றைய கூலி வந்துவிடும்.

முக்கியமான ஒன்று. ஆற்றுக்குள் ஒலி அலையால் மீனைக் கண்டறியும் சோனார் கருவி வைத்து, எத்தனை மீன் ஏறியது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் சீசன் நடுவிலும் மூடிவிடுவார்கள். யாரும் வாதம் செய்ய முடியாது. பாம்பாற்றில் எத்தனை மீன் இருக்கிறது என்று உங்களிடம் எண்ணிக்கை இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள் அண்ணா.

உடுமலை_தூண்டில்

நான் தூண்டில் கட்சி. ஒளிக்க ஒன்றும் இல்லை.

தென்னிந்திய மஹ்சீருக்கு உலகம் முழுக்கப் பெயர் வந்ததே தூண்டிலால்தான். 1946-ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த மீன் 120 பவுண்டு, 54 கிலோ. அதற்குப் பிறகு காவிரியில் பீமேஸ்வரி, கலிபோரே என்று முகாம்கள் வந்தன. அங்கே வழிகாட்டியாக இருந்தவர்களில் பல பேர் அதற்கு முன் அதே ஆற்றில் திருட்டு மீன் பிடித்தவர்கள். கேழ்வரகு உருண்டையை எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் போட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மீன் உயிரோடு இருந்தால் சம்பளம் என்று ஆனதும் அவர்களே காவல்காரர்கள் ஆனார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று சொல்லி அந்த முகாம்களை நிறுத்தினார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தினம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்ணும் போய்விட்டது.

மீன் பிடிக்க ஆற்றில் வெடித் தோட்டா போடுகிறவனுக்கும் பிளீச்சிங் பவுடர் கொட்டுகிறவனுக்கும் ஆள் நடமாட்டம்தான் பயம். தூண்டில்காரன் உட்காராத கரையில் தோட்டாக்காரன் உட்காருவான். இதை எங்கள் பக்கம் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு மடுவில் தோட்டா போட்டால் பெரிய மீன் நான்கு மேலே வரும். மிதக்காமல் அடியில் போய்ச் சாகும் குஞ்சுகளை யார் எண்ணுகிறார்கள்?

நீர்வாழ்_மாணவி (பாலக்காடு)

அண்ணா, நீங்கள் சொன்ன கலிபோரே முகாமின் பதிவேடு பற்றி நானே எழுத நினைத்தேன். உங்கள் கட்சிக்கு அதைவிடப் பலமான சாட்சி இல்லை. உங்களுக்கு எதிரான சாட்சியும் அதுதான்.

1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், என்ன எடை என்று அங்கே எழுதி வைத்திருந்தார்கள். ஆய்வாளர்கள் 2015-ல் அதை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். நீலத் துடுப்பு மஹ்சீர் ஏறிக்கொண்டே போகிறது. முதுகில் திமில் உள்ள ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீர் குறைந்துகொண்டே போகிறது. பிடிபட்ட திமில் மஹ்சீர் எல்லாம் கிழட்டு மீன், குஞ்சே இல்லை. நீலத் துடுப்பு காவிரிக்கு வந்த மீன். 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்து லோனாவாலா மீன் பண்ணையில் வளர்த்து, நல்லது செய்வதாக நினைத்து ஆற்றில் விட்டார்கள்.

அந்தத் திமில் மஹ்சீருக்கு அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. 2018-ல்தான் அது டோர் ரெமாதேவி என்று உறுதியானது. அந்தப் பெயரில் முதலில் விவரிக்கப்பட்டது எந்த மீன் தெரியுமா? சின்னாறு சரணாலயத்துக்குள் நம் பாம்பாற்றில் எடுத்த சிறு மீன்கள். அதே 2018-ல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனம் என்று சேர்த்தார்கள். புலியைவிட மோசமான நிலை.

காவிரியில் குஞ்சே கிடைக்காத மீனின் குஞ்சு கிடைத்த ஆறு உங்கள் வாசலில் ஓடுகிறது பாம்பாறு அண்ணா. அங்கே கொக்கி போடலாமா என்று கேட்கிறீர்கள்.

அப்புறம் வெப்பம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். பிடித்து விடும் மீன் ஏற்கெனவே மூச்சு வாங்கிப்போய் இருக்கும். குளிர்ந்த நாட்டு ஆறுகளிலேயே கோடையில் தண்ணீர் 20 டிகிரி தாண்டினால் பல இடங்களில் தூண்டிலை நிறுத்தச் சொல்கிறார்கள். மஹ்சீர் நம் ஊர் மீன், சால்மனைவிடச் சூடு தாங்கும். ஆனாலும் ஏப்ரலில் ஓட்டம் குறைந்து மடுக்களில் ஒதுங்கி நிற்கும் மீனை அரை மணி நேரம் இழுத்து விளையாடினால், "பத்திரமாகத் திரும்ப விட்டோம்" என்று புகைப்படம் போட்ட பிறகு அது என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

பாம்பாறு_கரை (மறையூர்)

நன்றி தங்கச்சி. இத்தனை விவரம் எங்களில் யாருக்கும் தெரியாது. அப்படியானால் பண்ணையில் குஞ்சு வாங்கி விட்டால் என்ன? ஒரு ஆள் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்.

நீர்வாழ்_மாணவி (பாலக்காடு)

வேண்டாம் அண்ணா. தயவு செய்து வேண்டாம். காவிரியில் நடந்தது அதேதான். ஒரு குஞ்சுகூட விடாதீர்கள், யார் இலவசமாகக் கொடுத்தாலும்.

குடி_வழிகாட்டி (சின்னாறு)

நான் முதுவர் குடியை, அதாவது முதுவர் பழங்குடி ஊரைச் சேர்ந்தவன். வனத்துறையின் மலையேற்றத்துக்கு வழிகாட்டியாகப் போகிறேன். அதிகம் எழுதிப் பழக்கம் இல்லை, இந்த விஷயத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது.

முதலில் இடம். கோவில்கடவுக்கும் சின்னாற்றுக்கும் நடுவில் தூவானம் அருவி இருக்கிறது. வெள்ளத்தில் அமராவதிப் பக்கமிருந்து ஏறி வரும் மீன் அந்த அருவிக்குக் கீழேயே நின்றுவிடும், மேலே ஏறாது. அலாஸ்காவில் சால்மன் அருவி தாண்டுகிற வீடியோவை எல்லாரும் காட்டுகிறார்கள். அந்த அருவி ஆள் உயரம். தூவானம் அப்படியா? நீங்கள் கேட்கிற மீன் அருவிக்குக் கீழே இருக்கிறது, அருவிக்குக் கீழே என்றால் சரணாலயத்துக்குள். அதனால் கோவில்கடவில் தூண்டில் போட்டால் சின்னக் கெண்டைதான் வரும், விருந்தினர் பணம் திருப்பிக் கேட்பார்.

அடுத்து, பார்ப்பது. கோடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கரையில் நீர்மருது நிற்கிற மடுவில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போய், தண்ணீரில் நிழல் விழாத பக்கம் குந்த வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது, அடியில் கல் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் போனால் ஒரு கல் நகரும். அதுதான் மீன். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு, வால் மட்டும் மெதுவாக அசையும். மேலே அத்தி மரம் இருந்து பழம் ஒன்று விழுந்தால், சத்தம் கேட்ட மாத்திரத்தில் அத்தனையும் ஒரே திசைக்குத் திரும்பும். பெரியது முதலில் எடுக்கும். வாய் திறப்பதும், செதிலில் வெயில் படுவதும், பழம் உள்ளே போவதும் தெளிவாகத் தெரியும். இதைப் பார்த்த விருந்தினர் யாரும் என்னிடம் தூண்டில் கேட்டதில்லை.

அதே மரத்தில் சாம்பல் நிற மலை அணில் இருக்கும். கேரளத்தில் அதைப் பார்க்கச் சின்னாற்றுக்குத்தான் வருகிறார்கள். நீர்நாய் பாறை மேல் எச்சம் போட்டிருக்கும், கிளறினால் மீன் செதிலும் முள்ளும் நண்டின் ஓடும் வரும். முதலையும் உண்டு. அதனால் மடுவில் இறங்கிக் குளிக்க விட மாட்டேன். எந்த மடு என்று இங்கே எழுத மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம்.

காந்தளூர்_பூண்டு

எல்லாரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். நம் ஆறும் அமராவதி வழியாகக் காவிரியில்தான் சேருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கேரளாவுக்குக் கொடுத்த 30 டிஎம்சியில் பாம்பாற்றுக்கு 3 டிஎம்சி. அந்தத் தண்ணீருக்காகத்தான் பட்டிசேரியில் அணை. எங்கள் பூண்டும் கேரட்டும் மறையூர்க் கரும்பும் பிழைக்க அந்தத் தண்ணீர் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் மார்ச், ஏப்ரலில் ஆளாளுக்கு ஓடையில் மோட்டாரும் ஹோஸும் போட்டுக் கடைசிச் சொட்டு வரை இழுத்தால் கீழே மடுவில் நிற்கிற மீன் எதில் நீந்தும்? ஹோம்ஸ்டேக்காரர்கள் மீனைக் காட்டிச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால், விவசாயிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். முறை வைத்துத் தண்ணீர் இறைக்க நாங்கள் தயார். எங்களை வில்லனாக்கிவிட்டு மீனைக் காப்பாற்ற முடியாது.

சித்தூர்_டீச்சர்

காந்தளூர்த் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் சித்தூர்ப் புழையில் கோடையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறவள் நான்.

மீனைப் பிடிக்காமல் பார்க்கிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. சிருங்கேரியில் துங்கா நதிப் படித்துறையில் மஹ்சீர் கூட்டம் கூட்டமாக நிற்கும், காலடி வரை வரும். கோயில் மீன் என்பதால் யாரும் கை வைக்க மாட்டார்கள். காவிரியில் ராமநாதபுரத்திலும் (கர்நாடகத்து ராமநாதபுரம்) அப்படித்தான். கோவில்கடவில் தென்காசிநாதர் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அங்கே இப்படி ஒரு கட்டுப்பாடு வைத்தால், மஹ்சீர் இல்லாவிட்டாலும் இருக்கிற மீன் பிழைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துவர ஒரு இடமும் ஆகும். பொரி போடுவது மட்டும் வேண்டாம் என்பது என் எண்ணம். பொரி வந்தால் பின்னாலேயே பிளாஸ்டிக் பை வரும்.

உடுமலை_தூண்டில்

குடித் தம்பி எழுதியதைப் பல தடவை படித்தேன். அந்த மடுவில் கொக்கி போட எனக்கும் மனசு வராது. சரி, பாம்பாற்றில் மஹ்சீருக்குத் தூண்டில் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கால்தான் திமில் மஹ்சீர் அழிகிறது என்பதே தெரிந்தது. பார்க்க மட்டும் போகிறவர் ரீல்ஸ் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கணக்கை யார் எழுதுவது? பத்து வருடம் கழித்து மீன் கூடியதா குறைந்ததா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

இன்னொன்று, தூண்டில் ஆசை உள்ளவர்களுக்கு வேறு வழி காட்டுங்கள். அமராவதி அணை முழுக்க ஜிலேபி மீன். வெளியிலிருந்து வந்த மீன்தான் அது. முறையாக அனுமதி கிடைக்கிற குளம் குட்டைகளில் ஜிலேபியை எவ்வளவு பிடித்தாலும் ஆற்றுக்கு நஷ்டம் இல்லை. பிள்ளைகளுக்குத் தூண்டில் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல மீனும் இல்லை. புழுவை வைத்தால் உடனே கடிக்கும். அன்றைக்கே வறுத்துச் சாப்பிடலாம்.

ஆங்கரேஜ்_ராசா (அலாஸ்கா)

உடுமலை அண்ணன் கேட்பது நியாயம். தூண்டில் இல்லாமலும் எண்ணலாம். அமெரிக்கா, கனடாவின் சின்ன ஆறுகள் பலவற்றில் முகமூடியும் சுவாசக் குழாயும் மாட்டிக்கொண்டு ஆற்றில் மிதந்தபடியே சால்மனை எண்ணுகிறார்கள். முதலை இருக்கிற ஆற்றில் அது ஆகாது, சரி. கரையிலிருந்தே எண்ணுங்கள். ஒரே மடு, ஒரே பாறை, ஒரே நேரம். முழங்கை நீளத்துக்கு மேல் எத்தனை, கீழே எத்தனை, துடுப்பு என்ன நிறம், தண்ணீர் எந்த அடையாளம் வரை நிற்கிறது, எத்தனை டிகிரி. குழு போகும்போதெல்லாம் எழுத வேண்டும், மீன் தெரியாத நாளிலும் "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். ஒரு குச்சியில் கட்டித் தண்ணீருக்குள் விடுகிற சின்ன கேமரா இருந்தால் நிறம் சரிபார்க்க உதவும்.

இங்கே வழிகாட்டி என்றால் உரிமம் வாங்க வேண்டும். அவர் படகில் ஏறியதும் முதலில் மீனைப் பற்றிப் பேச மாட்டார், கரடியைப் பற்றிப் பேசுவார். சாப்பாட்டை எங்கே வைப்பது, பிடித்த மீனின் கழிவைச் சின்னத் துண்டாக்கி எப்படி வேகமான ஓட்டத்தில் எறிவது, கரடி வந்தால் எப்படி ஒதுங்குவது என்று. கேட்காதவரைப் படகிலிருந்து இறக்கிவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. உங்கள் நிகழ்ச்சியில் குடி வழிகாட்டிக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும் அண்ணா. பணம் கொடுத்தவர் பேச்சு மேலே போய்விட்டால் ஆனை விஷயத்தில் உயிர் போகும்.

நீர்வாழ்_மாணவி (பாலக்காடு)

நிறம் பார்ப்பதை நான் சொல்லித் தருகிறேன். ஆரஞ்சுத் துடுப்பு, நீலத் துடுப்பு இரண்டையும் கரையிலிருந்து பிரித்துப் பார்ப்பது லேசு இல்லை. குஞ்சில் இன்னும் கஷ்டம். சந்தேகம் வந்தால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதினால் பதிவேடே கெட்டுவிடும்.

ஜூன் தொடங்கி ஆறு கலங்கியதும் நிகழ்ச்சியை நிறுத்திவிட வேண்டும். மஹ்சீர் மழை வெள்ளத்தில் மேலே ஏறிக் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். பசிபிக் சால்மன் ஒரு தடவை முட்டையிட்டுச் செத்துப்போகும். மஹ்சீர் அப்படி இல்லை, ஒரே தாய் மீன் வருடா வருடம் முட்டையிடும். அதனால்தான் ஒரு பெரிய மீனைத் தோட்டாவில் இழந்தால் பல வருடத்துக் குஞ்சு போகிறது.

பாம்பாறு_கரை (மறையூர்)

நேற்று எங்கள் ஆட்கள் உட்கார்ந்து பேசினோம். தூண்டில் கிடையாது, குஞ்சு வாங்குவது கிடையாது, இரண்டும் முடிவு. சரணாலயத்துக்குள் போவது வனத்துறை ஏற்பாட்டில், குடியைச் சேர்ந்த வழிகாட்டியோடு மட்டும். தனியாக யாரும் கூட்டிப் போவதில்லை. விருந்தினரிடம் வாங்குவதில் வழிகாட்டியின் பங்கு முதலில் எடுத்து வைக்கப்படும். பதிவேட்டை எங்கள் செலவில் அச்சடித்துத் தருகிறோம். வனத்துறை அனுமதித்தால் ஒரு பிரதி அவர்களிடம், ஒன்று குடியில், ஒன்று எங்களிடம். உடுமலை அண்ணனே கட்டம் போட்டுக் கொடுக்கிறேன் என்றார், மனமார்ந்த நன்றி.

காந்தளூர் அண்ணா, மோட்டார் முறை பற்றி வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் வந்து பேசலாமா? எத்தனை மணிக்கு வசதி?

காந்தளூர்_பூண்டு

சந்தைக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வர வேண்டும். பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். கரும்புக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டி வைக்கிறேன். சாப்பாடு எங்கள் வீட்டில்.

குடி_வழிகாட்டி (சின்னாறு)

விருந்தினரை அனுப்பும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம், பச்சையோ காக்கியோ போடட்டும். சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம். தண்ணீரின் பளபளப்பை வெட்டுகிற கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்து வரட்டும், அது இல்லாமல் வெயிலில் மீன் தெரியாது. செருப்பு ஆகாது, பாறை வழுக்கும், பிடிமானம் உள்ள ஷூ வேண்டும். காலை ஆறு மணிக்கு செக்போஸ்டில் இருக்க வேண்டும், ஏழு மணிக்கு வந்தால் அன்றைக்குக் கூட்டிப் போக மாட்டேன். வழியில் ஆனைச் சாணம் சூடாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுவோம், பணம் கொடுத்தோமே என்று யாரும் கேட்கக் கூடாது. ஒரு குழுவில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆறாவது ஆள் மடுக்கரையில் குந்த இடம் இல்லை.